தாடையோடு நின்ற கண்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் படம் டாக்டர். அவர் நோயாளிகளைத் தொட்டுப் பார்ப்பதில்லை, நாக்கை நீட்டச் சொல்வதில்லை, ஊசி போடுவதில்லை. ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில் உட்கார்ந்து, ஸ்கேன் படங்களைக் கணினியில் பார்த்து, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே கசிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய தொப்பையும் கர்வமும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்திருந்தன. தொப்பையைக் குறைக்க அவ்வப்போது முயற்சியாவது செய்திருக்கிறார்.

கர்வத்துக்குக் காரணம் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள். தலையிலும் கழுத்திலும் பலமாக அடிபட்டு வருகிறவர்களுக்கு எலும்பு முறிவும் மூளைக் கசிவும் மட்டுமே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. கழுத்து வழியாக மூளைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராது. ஆள் எழுந்து உட்கார்ந்து, என் செருப்பு எங்கே என்று கேட்பார். கிழிந்த இடத்தில் ரத்தம் மெல்ல உறையும். சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்து அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே போய் மூளையில் அடைத்தால் அவ்வளவுதான், உடம்பில் ஒரு பக்கம் விழுந்துவிடும். சாதாரண ஸ்கேனில் கிழிசல் தெரியாது. கையில் சாய ஊசி போட்டுக் கழுத்துக் குழாய்களைத் தனியாகப் படம் எடுத்தால்தான் தெரியும்.

யாருக்கு அப்படி எடுக்க வேண்டும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. கழுத்தில் கார் பெல்ட் அழுத்திய தடம், தாடை எலும்பு முறிவு, கழுத்தெலும்பு முறிவு, மண்டையோட்டின் அடியில் ரத்தக்குழாய் நுழைகிற எலும்புத் துளை வழியாக ஓடும் விரிசல் என்று மொத்தம் பத்து. அந்தப் பத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒவ்வொரு கணினிக்கு மேலேயும் ஒட்டியவர் படம் டாக்டர்தான். ஒட்டியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. பத்தையும் வாய்விட்டுப் படித்து டிக் அடித்த பிறகுதான் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டமும் போட்டார். அறிக்கையின் கடைசி வரியில் 'கழுத்து ரத்தக்குழாய்ப் படம் தேவை' அல்லது 'தேவையில்லை' என்று இருக்கும். அவசரப் பிரிவில் எல்லாரும் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அந்த அறையில் நாள் முழுக்க யாராவது வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலப் பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் மட்டும் ஒப்பிப்பதில்லை. எழுதினவருக்கு எதற்கு ஒப்பிக்கிற வேலை?

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அவசரப் பிரிவு டாக்டர் போன் செய்தார்.

"சார், உங்க மச்சான் வந்திருக்கார்."

"இப்ப எதுக்கு? வேலையா இருக்கேன்னு சொல்லுங்க. சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும்."

"அவரா வரல சார். ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்திருக்காங்க."

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து 'மெதுவா, மெதுவா' என்று கத்துகிற தொழில் என்பதால் குரலுக்குக் குறைச்சல் இல்லை. தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளையைக் கேலி செய்வதை அவர் ஒரு கடமையாகவே செய்துவந்தார். "மாப்பிள்ளை, நீங்க போட்டோ பாக்கற டாக்டர்தானே? எனக்கு முழங்கால் வலி, நெஜ டாக்டர் யாரையாவது சொல்லுங்க" என்பார். சாப்பாட்டு மேஜையில் படம் டாக்டர் மருத்துவம் பேச ஆரம்பித்தால் போதும், மச்சான் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். வீடே சிரிக்கும். படம் டாக்டரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ராத்திரி படுக்கையில் மனைவியிடம் அரை மணி நேரம் பொருமுவார்.

அன்றைக்கு நடந்தது இது. பணி ஓய்வு பெற்ற ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். மச்சான் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பதற்குள் கார் சாலை நடுவிலிருந்த தடுப்பில் ஏறி, அந்தப் பக்கம் நின்றிருந்த தண்ணீர் லாரியில் போய் மோதியது. ஓட்டியவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. மச்சான் முன்பக்கப் பலகையில் முகத்தை மோதி, இரண்டு நிமிடம் நினைவில்லாமல் கிடந்து, பிறகு விழித்துக்கொண்டார். கழுத்துக்குப் பட்டை மாட்டி, தலையையும் கழுத்தையும் ஸ்கேன் எடுத்தார்கள். படங்கள் குளிர் அறைக் கணினிக்கு வந்து சேர்ந்தன.

பக்கத்து நாற்காலியில் உட்காரும் டாக்டரம்மா, அவரைவிடப் பத்து வருடம் சின்னவர், எழுந்து வந்தார்.

"சார், உங்க வீட்டு ஆள். நான் பாக்கட்டுமா?"

சொந்தக்காரர் படத்தைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்பது அந்த அறையின் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"வேண்டாம்மா. நம்ம வீட்டு ஆள்தானே, நானே பாத்துடறேன். மத்தவங்க பாத்தா எனக்கு மனசு ஆறாது" என்றார்.

மனசு ஆறாது என்பது உண்மைதான். மச்சானுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குக் கவலை. மூளைப் படத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தார். கசிவு இல்லை. கழுத்தெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். முறிவு இல்லை. மூச்சு வந்தது. அப்படியே கீழே இறங்கி முகத்துக்கு வந்தபோதுதான் தாடையைப் பார்த்தார். இரண்டு இடத்தில், சுத்தமாக, பிஸ்கட் ஒடிந்ததுபோல ஒடிந்திருந்தது.

கம்பி போட்டுக் கட்டுவார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. ஆறு வாரம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் படம் டாக்டரின் மனதுக்குள் சின்னதாக ஒரு மேளம் கொட்டியது. ஆள் பிழைத்துவிட்டார், வாய் மட்டும் போய்விட்டது. இப்படி ஒரு காரியத்தைக் கடவுளே முன்னின்று செய்தாலும் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. தாடையைப் பற்றி மட்டும் பதினோரு வரி எழுதினார். எந்தக் கோணத்தில் ஒடிந்தது, எத்தனை மில்லிமீட்டர் விலகியது, எந்தப் பல்லுக்குப் பின்னால் என்று அனுபவித்து எழுதினார். எழுதி முடித்ததும் ஏதோ பெரிய வேலையை முடித்த திருப்தி வந்துவிட்டது. அந்தத் திருப்தியில் கண் அங்கேயே நின்றுவிட்டது. மண்டையோட்டின் அடிப்பக்கம், இடது காதுக்கு உள்ளே, தலைமுடி அளவில் ஒரு கோடு இருந்தது. அதைத் தாண்டித்தான் அவர் கண் போய்வந்தது, ஆனால் கண்ணுக்குப் பின்னால் அந்நேரம் யாரும் வீட்டில் இல்லை.

தாடை முறிவு ஒன்றே போதும், பட்டியலில் அது இரண்டாவது. வாய்விட்டுப் படித்திருந்தால் இரண்டாவது வரியிலேயே நாக்கு தடுக்கியிருக்கும். அவர் படிக்கவில்லை. வேலையைச் சுலபமாக்க அவரே தயாரித்து வைத்திருந்த அறிக்கை மாதிரியில், மாற்றாமல் விட்டால் கடைசி வரி 'தேவையில்லை' என்றுதான் வரும். வந்தது. கையெழுத்தைப் போட்டு அனுப்பினார்.

அவசரப் பிரிவில் கழுத்துப் பட்டையைக் கழற்றியபோது இடது பக்கம் பெல்ட் அழுத்திய சிவப்புத் தடம் இருந்தது. நர்ஸ் அதைக் காட்டினார். டாக்டர் அறிக்கையின் கடைசி வரியை ஒரு தடவை பார்த்தார், கீழே இருந்த கையெழுத்தை ஒரு தடவை பார்த்தார். "படம் டாக்டரே பாத்திருக்கார். அதுவும் சொந்த மச்சான். அவருக்குத் தெரியாததா?" என்று சொல்லி, தாடைக்குக் கட்டுப் போட்டு, மச்சானை மேல்மாடி வார்டுக்கு அனுப்பிவிட்டார்.

பதினொன்றரைக்குப் படம் டாக்டர் வார்டுக்குப் போனார். போனார் என்பது சாதாரண வார்த்தை. எழுந்தருளினார். மச்சான் தலையிலிருந்து மோவாய்வரை சுற்றிய கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பயிற்சிப் பள்ளியின் குறிப்புப் புத்தகமும் பேனாவும் இருந்தன.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படம் டாக்டர் பேச ஆரம்பித்தார். தாடை எலும்பின் அமைப்பிலிருந்து தொடங்கி, எலும்பு கூடுவது எப்படி என்று விளக்கி, ஸ்கேன் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு மருத்துவமே இல்லை என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்த சுகம் அவருக்கு. அப்போதுதான் கவனித்தார். மச்சானின் இடது கண் பாதி மூடியிருந்தது.

"வாயைக் கட்டியும் இந்தக் கிண்டல் போகலையா மச்சான்?" என்றார்.

மச்சான் கையை ஆட்டினார். இல்லை என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினார். படம் டாக்டர் அதையும் கிண்டலின் கணக்கில் சேர்த்தார். மச்சான் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்: 'இடது பக்கம் கழுத்து ரொம்ப வலிக்குது.'

"லாரியில மோதினா வலிக்காம என்ன செய்யும்? நான் படத்தைப் பாத்துட்டேன். கழுத்து கல்லு மாதிரி இருக்கு."

அந்தக் கண் இன்னும் பாதி மூடியே இருந்தது. படம் டாக்டருக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறான், அந்த நேரத்திலும் மாப்பிள்ளையை மட்டம் தட்டுவதை விடமாட்டேன் என்கிறானே என்று உள்ளுக்குள் திட்டினார்.

பன்னிரண்டரைக்கு மனைவி வந்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வில்லையின் நடு மையம் கண்மணிக்கு நேராக வர வேண்டும் என்பதால், வருகிறவர்கள் கண்மணிகளுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுவாள். பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களை அரையடி தூரத்தில் பார்த்துப் பழகியவள். அழுதுகொண்டேதான் வந்தாள். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றது.

"என்னங்க, அண்ணன் கண்மணி ரெண்டும் ஒரே அளவா இல்லையே."

"அவர் கண்ணை மூடி மூடிக் கிண்டல் பண்ணிட்டிருக்கார். நீ வேற."

"மூடறது வேற, இது வேற. இடது கண்மணி சின்னதா இருக்கு."

"ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு இல்லையா? வெளிச்சம் பட்டா சுருங்கும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

அவள் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். விளக்கையும் அணைத்தாள். செல்போன் வெளிச்சத்தை மேல்கூரைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து கடையின் சின்ன அளவுகோலை எடுத்து அண்ணன் கண்ணுக்குக் கீழே வைத்தாள். இருட்டில் வலது கண்மணி நன்றாக விரிந்துவிட்டது. இடது கண்மணி அசையவில்லை.

"வலது ஆறு. இடது மூணு" என்றாள். "இவ்வளவு வித்தியாசம் நான் ஒருத்தருக்கும் பாத்ததில்லைங்க. இது கிண்டல்னா கண்மணியை எப்படிச் சுருக்குவார்?"

படம் டாக்டர் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த பக்கம் ஞாபகம் வந்தது. கழுத்து ரத்தக்குழாயின் சுவரைச் சுற்றி நூல் நூலாக நரம்புகள் ஏறிப்போகும். குழாய் கிழிந்து சுவர் வீங்கினால் அந்த நூல்கள் நசுங்கும். அப்படி நசுங்கினால் அதே பக்கத்து இமை தொங்கும், கண்மணி சுருங்கும். இதை அவர் வருடத்துக்கு நாலு தடவை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். படத்தில் பார்த்திருக்கிறார், புத்தகத்தில் பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரமாகக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் பார்க்கவில்லை.

"மச்சான், அந்தக் கையைத் தூக்குங்க. வலது கையை."

மச்சான் தூக்கவில்லை. ஏதோ எழுத முயன்றுகொண்டிருந்தார். எழுத்துகள் வரியை விட்டுச் சரிந்து கீழே போயின. 'கை ம' என்பதோடு நின்றது. பேனா விரல்களிலிருந்து நழுவி, போர்வையில் உருண்டு, தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை. தன் கையையே, அது யாருடையது என்று கேட்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூளையின் இடது பாதிதான் வலது பக்க உடம்பை ஆட்டுவிக்கிறது; இடது குழாய் என்றால் வலது கை. கட்டி மேலே போக ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு படம் டாக்டர் ஓடினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தொப்பை முன்னால் ஓட, அவர் பின்னால் ஓட, நர்ஸ் லிஃப்டைப் பிடித்து நிறுத்த, ஸ்கேன் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். சாய ஊசி போட்டார்கள். மச்சான் ஸ்கேன் இயந்திரத்தின் வட்டத்துக்குள் போனார். படம் டாக்டர் பழக்கத்தில் கணினி முன்னால் போய் நின்றார்.

"சார், தள்ளுங்க" என்றார் பக்கத்து நாற்காலி டாக்டரம்மா.

தள்ளினார். டாக்டரம்மா முதலில் காலைப் படத்தைத் திறந்தார். சுவரைப் பார்த்துப் பட்டியலைச் சத்தமாகப் படித்தார். "கழுத்தில் பெல்ட் தடம், ஆம். தாடை முறிவு, ஆம்." அந்த இரண்டு 'ஆம்'களும் படம் டாக்டரின் கன்னத்தில் ஒவ்வொன்றாக விழுந்தன. நாலாவது வரிக்கு வந்தபோது டாக்டரம்மா மண்டையோட்டின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கினார். அந்தத் தலைமுடிக் கோடு, ரத்தக்குழாய் நுழைகிற துளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. சாயப் படம் வந்தது. வலது பக்கக் குழாய் வெள்ளையாக, சுண்டுவிரல் கனத்தில் மேலே போனது. இடது பக்கக் குழாய் பாதி வழியில் நூலாகச் சிறுத்து, சுவரில் ஒரு கட்டியை ஒட்டவைத்துக்கொண்டு, இழுத்துப் பறித்து மூளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நல்லவேளையாக மூளையில் கசிவு எதுவும் இல்லை. அதனால் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைத் தைரியமாகக் கொடுக்கலாம். மூளை நரம்பு டாக்டர் வந்து பார்த்து, உடனே ஏற்றச் சொன்னார்.

"கை திரும்புமா சார்?" என்று படம் டாக்டர் கேட்டார்.

"நேரத்துலதான் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஆனா இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு வாரம் போகட்டும்."

'நேரத்தில் கண்டுபிடித்தீர்கள்' என்றது படம் டாக்டருக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

காலை அறிக்கையைத் திருத்த வேண்டும். குளிர் அறையில் அவரும் டாக்டரம்மாவும் மட்டும் இருந்தார்கள். டாக்டரம்மா நல்ல மனுஷி. "ரொம்பச் சன்னமான கோடு சார். யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க" என்றார். படம் டாக்டர் ஒரு நிமிடம் அந்த வாக்கியத்தின் நிழலில் ஒதுங்கி நின்றார். பிறகு தட்டச்சு செய்தார்: 'காலைப் படத்திலேயே விரிசல் தெரிகிறது. படத்தைப் படித்தவர் கவனிக்கவில்லை.' அதைத் திரும்பிப் படித்தார். படித்தவராம். யாரோ வெளியூர்க்காரர் வந்து படித்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அழித்துவிட்டு, 'நான் கவனிக்கவில்லை. பட்டியலையும் படிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். தாடையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதைக்கூட மறைக்கவில்லை. தான் ஒரு முட்டாள், கர்வம் பிடித்த கழுதை, இருபத்திரண்டு வருடம் படித்தது தண்டம், தன் கையெழுத்தைப் பார்த்தால் தனக்கே குமட்டுகிறது, நாளைக்கே வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். குரல் உடைந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நன்றாகவும் பேசினார்.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"சொல்லி முடிச்சாச்சா?" என்றாள்.

"முடிச்சாச்சு."

"கால் மணி நேரமா உங்களைப் பத்தியே பேசறீங்க. உள்ள இருக்கறது என் அண்ணன். அடுத்த படம் எப்போன்னு கேட்டுட்டு வாங்க."

அவருக்கு வாயடைக்கக் கம்பி தேவைப்படவில்லை. போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். ஏழாவது நாள் என்றார்கள்.

அந்த ஏழு நாளும் அவர் காலையும் மாலையும் வார்டுக்குப் போனார், பாடம் நடத்தவில்லை. மச்சானிடமும் நடந்ததைச் சொன்னார். இந்த முறை நாலு வாக்கியத்தில் சொன்னார். மச்சான் கேட்டுக்கொண்டார். பதில் எழுத அவர் கையில் வலுவில்லை. விரல்கள் மெல்ல மெல்ல அசையத் தொடங்கியிருந்தன. மூன்றாம் நாள் பந்தைப் பிடித்தார். ஐந்தாம் நாள் கரண்டியைப் பிடித்தார், ஆனால் உதட்டுக்கு வருவதற்குள் கஞ்சி பாதி மடியில் கொட்டியது. பேனாவைத் தொடவே இல்லை. மற்ற எதைப் பற்றியும் இல்லாத பயம் அவருக்கு அந்தப் பேனாவிடம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் படம் டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாம் நாள் காலை எடுத்த படத்தை டாக்டரம்மாதான் பார்த்தார். படம் டாக்டர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கட்டி கரைந்திருந்தது, குழாய் முக்கால்வாசி விரிந்திருந்தது. இன்னும் சில மாதம் மருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். படம் டாக்டர் கைக்குட்டையைத் தேடி, அது இல்லாமல், ஆஸ்பத்திரி அடையாள அட்டையின் நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் வார்டு நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார். கையெழுத்தான அறிக்கை திருத்தப்பட்டால் ஒரு வாரத்துக்குள் நோயாளிக்கு அந்தப் படிவம் போக வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. 'உங்கள் ஸ்கேன் அறிக்கையில் தவறு திருத்தப்பட்டுள்ளது. புகார் அளிக்க விரும்புகிறீர்களா?' என்று மேலே இருந்தது. நர்ஸ் படம் டாக்டரைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"சார், நீங்க இருக்கும்போது… அப்புறமா கொண்டு வரட்டுமா?"

"இல்லம்மா. குடுங்க" என்றார் படம் டாக்டர்.

மச்சான் படிவத்தை முழுக்கப் படித்தார். கட்டில் மேஜையை இழுத்து வைத்துக்கொண்டார். பேனாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வலது கையை நீட்டி எடுத்தார். இடது கையில் ஊசிக்குழாய் இருந்ததால் தாளை அமுக்கிப் பிடிக்க முடியவில்லை. பேனா முனை பட்டதும் தாள் நகர்ந்தது. இரண்டாம் தடவையும் நகர்ந்தது. நிமிர்ந்து படம் டாக்டரைப் பார்த்து, தாளைக் காட்டி, பிடியுங்கள் என்று சைகை செய்தார்.

படம் டாக்டர் எழுந்து வந்து தாளின் இரண்டு ஓரத்தையும் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவி கட்டிலின் மறுபக்கத்தில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். உதவிக்கு வரவில்லை.

மச்சான் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கீழே விவரம் எழுதும் இடத்துக்கு வந்தார். முதல் எழுத்துக்கே அரை நிமிடம் ஆனது. நாக்கு நுனியைக் கடித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக இறக்கிவைத்தார். நடுவில் நிறுத்தி, ஓரத்தில் சின்னதாக, 'அந்தக் குழாய்க்கு என்ன பேர்?' என்று எழுதிக் கேட்டார்.

"கரோட்டிட்" என்றார் படம் டாக்டர். "இடது உள் கரோட்டிட்."

மச்சான் அதையும் எழுதினார். 'இடது உள் கரோட்டிட் குழாய் கிழிந்ததை, படம் பார்த்த டாக்டர் விட்டுவிட்டார். அவர் என் தங்கையின் கணவர். என் தாடை உடைந்த சந்தோஷத்தில் இருந்தார். சொந்தக்காரர்களைப் படம் பார்க்க விடக் கூடாது. அவர் திறமைசாலி. அதனால்தான் அவர் பார்த்த பிறகு வேறு யாரும் பார்க்கவில்லை. இனி அவர் பார்த்ததையும் யாராவது பார்க்க வேண்டும்.'

படம் டாக்டர் தாளைப் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லும் விழுவதைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் உண்மை. முகம் சுட்டது. ஆனால் மூன்றாவது வரியிலிருந்து அவர் அர்த்தத்தைப் படிக்கவில்லை. வளைவுகளைப் பார்த்தார். புள்ளிகள் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தன. ஏழு வரி வந்திருந்தது. ஒரு வரிகூடக் கீழே சரியவில்லை.

மச்சான் பேனாவை மூடப் போனார்.

"இன்னும் எழுதுங்க மச்சான்" என்றார் படம் டாக்டர். "இடம் நிறைய இருக்கு."